இருபத்தைந்து டிகிரியில் ஒரு காந்தம்

4 மார்ச் 2024, திங்கள்

பத்து மணிக் கூட்டத்துக்கு ஜெயகிருஷ்ணன் பதினொன்றே காலுக்கு வந்தார். வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, "நாம எல்லாரும் டயத்துக்கு வரக் கத்துக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் வாயைத் திறந்தால் சிரிப்பது இந்த ஆய்வகத்தில் பணி விதிகளில் ஒன்று. நான் சிரிக்கவில்லை. பதினான்கு வருடமாக அந்த விதியை மீறி வருகிறேன்.

இந்த மனிதர் கடைசியாகக் குடுவையைக் கையில் எடுத்தது எந்த ஆண்டு என்று அவருக்கே நினைவிருக்காது. அவர் அறையில் ஒரு குடுவை இருக்கிறது. அதில் பிளாஸ்டிக் ரோஜா.

என் வேலையை அவருக்குப் பதினோராவது தடவையாக விளக்கினேன். நான்கு இரும்பு அணு, நான்கு கோபால்ட் அணு. ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அவற்றை மாற்றி மாற்றி வைத்து, நடுவே சயனைடைப் பாலமாகப் போட்டு, மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டுகிறேன். கொத்தனார் வேலை என்றால்தான் அவருக்குப் புரியும். அப்படியே சொன்னேன். சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் ஒரு எலெக்ட்ரான் ஒரு மூலையிலிருந்து பக்கத்து மூலைக்குத் தாவும். சும்மா கிடந்த பொருள் காந்தமாகும். நீல ஒளியைப் பாய்ச்சினால் பழையபடி ஆகிவிடும். ஒளியால் எழுதலாம், ஒளியால் அழிக்கலாம். ஆனால் எல்லாம் மைனஸ் நூற்றைம்பது டிகிரியில்தான். சற்றே சூடேறினால் எலெக்ட்ரான் தானே வீட்டுக்குத் திரும்பிவிடும்.

"அச்சா, அப்ப அது வீட்டுக்குத் திரும்பாம பண்ணுங்க பூங்கோதை. மைனஸ் நூத்தம்பதுல வேலை செய்யற காந்தத்தை வெச்சுண்டு மினிஸ்ட்ரில நான் என்ன சொல்றது? ஐஸ்ல போட்டு வைங்கன்னா?"

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள்.

6 மார்ச்

என் கணவர் சிவகுமார் இன்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். ஒரு கடிதத்தில் இருந்த ஒரு வாக்கியத்தை நாற்பது நிமிடம் யோசித்துப் பாதியாகக் குறைத்தாராம். லோதி ரோடு அலுவலகத்திலிருந்து லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். செக்‌ஷன் ஆபீசர். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவன் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறார். "நல்லதுங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

அகல்யா எட்டிப் பார்த்து, "அம்மா, என்ன எழுதறே? ஹிசாபா? கணக்கா?" என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு. தமிழில் தன் பெயரை எழுதவே மூச்சு வாங்கும். இந்த நோட்டுக்கு இதைவிடப் பெரிய பூட்டு தேவையில்லை.

19 ஏப்ரல்

கனசதுரத்தின் வெளிப்புறக் கைகளை மாற்றிப் பார்க்கிறேன். பருத்த கைகளை ஒட்டினால் தாவிய எலெக்ட்ரான் திரும்பும் வழி அடைபடலாம். இருபத்தேழாவது தொகுதி. கரும்பச்சைப் படிகங்கள், ஊசி போல. அழகு. இந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத பொருள்.

14 மே 2024

வெளியே நாற்பத்தைந்து டிகிரி. உள்ளே நான் நிலைகொள்ளாமல் இருக்கிறேன்.

இருபத்தேழாவது தொகுதியைச் சும்மா ஒரு பேச்சுக்கு அறை வெப்பத்தில், இருபத்தைந்து டிகிரியில் அளக்கச் சொன்னேன். சிவப்பு ஒளியை ஒரு மணி நேரம் பாய்ச்சியதும் காந்தம் ஏறியிருக்கிறது. அணைத்த பிறகும் இறங்கவில்லை. அப்படியே நிற்கிறது. இருபத்தைந்து டிகிரியில்! உலகத்தில் எவனாலும் முடியாதது.

நாளையும் அளக்கச் சொன்னேன்.

16 மே

இன்றும் நிற்கிறது.

இராஜமாணிக்கம் வந்து நின்றார். ஸ்க்விட் என்று நாங்கள் சொல்லும் காந்தம் அளக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். விமானப்படையில் இருபது வருடம் ராடார் துடைத்துவிட்டு இங்கே வந்தவர். தர்மபுரிக்காரர். ஒரு வாக்கியம் சொல்வதற்குள் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார்.

"மேடம், ஒரு சந்தேகங்க."

"சொல்லுங்க."

"லைட் எவ்ளோ நேரம் போடறமோ அவ்ளோ ஏறிட்டே போகுதுங்க. ஒரு எடத்துல நிக்கணுமில்லீங்களா? எல்லா மூலக்கூறும் மாறிட்டா அப்புறம் மாற என்ன இருக்கு?"

"உங்களுக்கு எத்தனை மணிக்கு டீ?" என்று கேட்டேன்.

போய்விட்டார். டிப்ளமா படித்தவரெல்லாம் எனக்கு வேதியியல் சொல்லித்தருகிறார்கள்.

28 மே

ஐந்து ஓட்டம் எடுத்தோம், அதாவது ஐந்து முறை அளந்தோம். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். இரண்டாவது ஓட்டம் அருமை: நீல ஒளி பட்டதும் வரைபடத்தில் கோடு கீழே வந்தது. மற்ற நான்கிலும் இறங்கவில்லை. ஒளியைக் கொண்டுபோகும் இழை சரியாகப் பொருந்தியிருக்காது. கெட்டுப்போன ஓட்டங்கள். அவற்றை வைக்க வேண்டியதில்லை.

22 ஆகஸ்ட்

கட்டுரை அனுப்பியாயிற்று. ஜெயகிருஷ்ணன் தன் பெயரைக் கடைசியில் போட்டுக்கொண்டார். எங்கள் துறையில் கடைசிப் பெயர்தான் முதலாளி. அவர் மாற்றியது ஒரே ஒரு சொல். 'குறிப்பிடத்தக்க' என்று நான் எழுதியதை 'புரட்சிகரமான' என்று ஆக்கினார். அசிங்கம். அப்படியே விட்டுவிட்டேன்.

5 நவம்பர் 2024

ஏற்றுக்கொண்டார்கள்.

சிவகுமார் வரும் வழியில் ஜிலேபி வாங்கி வந்தார். கட்டுரையைக் கேட்டு வாங்கி, புரியாவிட்டாலும் முதல் பக்கத்தை முழுக்கப் படித்தார். "இந்தப் 'புரட்சிகரமான'ங்கிறது நீ போட்டதா?" என்றார். "இல்லைங்க" என்றேன். "நினைச்சேன்" என்றார். ஆயிரம் பேர் படிக்கப்போகும் கட்டுரையில் இவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்.

28 பிப்ரவரி 2025, வெள்ளி

அறிவியல் நாள் விழா. எனக்குச் சால்வை போட்டார்கள். மைக்கில் ஜெயகிருஷ்ணன்: "திஸ் இஸ் எ டீம் எஃபர்ட்." அந்த டீமில் அவரும் அவர் நாற்காலியும். ஒளியால் இயங்கும் காந்தங்களுக்கென்றே தேசிய மையம் ஒன்று வரப்போகிறது என்று அறிவித்தார். யார் கொடுத்தார்கள்? இனிமேல்தான் கேட்கப்போகிறார்.

முன்வரிசையில் ஒரு அதிகாரி வாயைத் திறந்தபடி தூங்கினார். பேச்சு முடிந்ததும் முதலில் கைதட்டியவரும் அவர்தான்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கை. இவர்கள் கைதட்டலில் எனக்கு ஆவதொன்றுமில்லை. (சால்வையை மடித்து பீரோவில் வைத்தேன். இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். எழுதிவைக்கிறேன், பொய் சொல்லக் கூடாது என்பதற்காக.)

17 மார்ச் 2025

ஜப்பானிலிருந்து ஒரு குழு எழுதியிருக்கிறது. 'பெருமதிப்புக்குரிய முனைவர் அவர்களுக்கு' என்று தொடங்கி, நான்கு முறை முயன்றும் வரவில்லை என்கிறார்கள். வராது. அதற்குக் கை வேண்டும்.

இன்னொரு கடிதம், தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியிலிருந்து. சாந்தகுமாரி என்று ஒரு விரிவுரையாளர். பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டம் செய்கிறாராம். என் பொருளைத் தயாரித்து, கல்லூரியில் கிடக்கும் பழைய காந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தாராம்! காந்தத் தராசு. தாத்தா காலத்துச் சாமான், காந்த இழுப்பை எடையாகக் காட்டும். மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். 'எங்கே தவறு செய்கிறேன் என்று தாங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.'

ஒரே வரியில் பதில் போட்டேன்: 'முதலில் கண்ணாடிப் பாத்திரங்களைச் சுத்தமாகக் கழுவக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு எனக்கு எழுதலாம்.'

எழுதிவிட்டு நானே சிரித்தேன். நல்ல வாக்கியம்.

9 ஏப்ரல்

ஜப்பான் ஆறாவது முறையும் தோல்வி. மாதிரி கொஞ்சம் அனுப்ப முடியுமா என்கிறார்கள். பிச்சை.

8 ஜூலை 2025, செவ்வாய்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நிதானமாக எழுத வேண்டும். நடந்ததை நடந்தபடி.

தேசிய மையத்துக்கான குழு அடுத்த வாரம் வருகிறது. அவர்களுக்குக் காட்டப் பொருள் போதவில்லை. புதிதாகச் செய்ய நேரமில்லை. ஏற்கெனவே ஒளி பாய்ச்சி அளந்து முடித்த பழைய மாதிரிகளை மெத்தனாலில் கரைத்து, மறுபடி படிகமாக்கலாம் என்று நினைத்தேன். என் கனசதுரம் மெத்தனாலில் சர்க்கரை போலக் கரையும்.

கரைந்தது. தெளிந்த பச்சை. ஆனால் அடியில் கொஞ்சம் பழுப்பாக ஏதோ கிடந்தது. தூசி என்று நினைத்தேன். கலக்குவதற்காக வெள்ளைக் காந்தக் குச்சியை உள்ளே போட்டேன்.

அது அடியைத் தொடுவதற்கு முன்பே பழுப்புத் தூள் எழும்பி வந்து அதன் இரண்டு முனையிலும் ஒட்டிக்கொண்டது. மீசை மாதிரி.



பிறகு ஒளியே படாத மாதிரி ஒன்றைக் கரைத்தேன். சுத்தம். குச்சி வெள்ளையாக இருந்தது. இரண்டு மணி நேரம் ஒளி பட்டதைக் கரைத்தேன். மீசை பெரிதாக இருந்தது.

துரு. வேறொன்றும் இல்லை. ஒளி என் கனசதுரத்தைக் காந்தமாக்கவில்லை. உடைக்கிறது. உடைந்து வெளியே வந்த இரும்பு காற்றோடு சேர்ந்து காந்தத் துருவாகிறது. அதனால்தான் ஏறிக்கொண்டே போகிறது. அதனால்தான் இறங்கவில்லை. செத்ததெப்படி இறங்கும்?

இறங்கிய அந்த ஒரு ஓட்டம்? அதுதான் கெட்டுப்போன ஓட்டம். இழை நகர்ந்து மாதிரியையும் நகர்த்தியிருக்கும், அதனால்தான் கோடு இறங்கியிருக்கும். மற்ற நான்கும் உண்மையைச் சொல்லின. ஒரு வருடமாக நான்—

முடியவில்லை. நாளைக்கு.

9 ஜூலை

இராஜமாணிக்கத்தின் அறைக்குப் போனேன். குச்சியைச் சோதனைக் குழாயோடு அவர் மேஜையில் வைத்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அலமாரியிலிருந்து தடித்த ரெஜிஸ்டரை எடுத்துப் பிரித்தார். அவர் எழுத்து, குண்டு குண்டாக, ஸ்கூல் பிள்ளை எழுத்து. ஐந்து ஓட்டமும் இருந்தன. எவ்வளவு நேரம் ஒளி, எவ்வளவு ஏறியது, இழையைத் தொட்டது யார், எத்தனை மணிக்கு. இரண்டாவது ஓட்டத்துக்கு எதிரே: 'மேடம் இழையைச் சரி செய்தார். அதன் பிறகு இறக்கம்.'

நான்தான். என் கைதான்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்றேன்.

இரண்டு முறை செருமினார். "சந்தேகமாத்தான் சொன்னேங்க. உறுதியாத் தெரிஞ்சு சொல்லலீங்க."

என்னைக் காப்பாற்றுகிறாராம். ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

11 ஜூலை

ஜெயகிருஷ்ணனிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும் வரை பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"சுனோ பூங்கோதை. இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அதைக் கேக்கலை. வேற யாருக்கு?"

"இராஜமாணிக்கத்துக்கு."

"அவர் பேசமாட்டார். ரிடையர் ஆகப் போறார். ரெண்டு வருஷம் சும்மா இருங்கோ. தானே மறந்துபோகும். நம்ம ஃபீல்டுல பாதி பேப்பர் அப்படித்தான் இருக்கு. இப்ப வாபஸ் வாங்கினா சென்டர் போச்சு."

"அஞ்சு ஓட்டத்துல நாலு வேற மாதிரி சொல்லுது. அதை நான் கட்டுரையில வைக்கல."

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தேன்.

"ஃபைல் என்கிட்டயும் இருந்ததே. பார்த்தேன். நான் கேட்டேனா உங்களை? கேக்கலை. கேக்காம இருந்ததும் ஒரு ஹெல்ப்தான், பூங்கோதை. நீங்கதான் அதைப் புரிஞ்சுக்கலை."

பதினைந்து வருடம் இந்த மனிதரை முட்டாள் என்று நினைத்திருக்கிறேன். முட்டாள் இல்லை. பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது. நான் செய்ததும் இவர் செய்ததும் ஒரே வேலை. ஒரே அளவு. எனக்கு மட்டும் அதற்கு இன்னொரு பெயர் இருந்தது: கெட்டுப்போன ஓட்டம்.

த்தூ. யாரைத் துப்புகிறேன் என்று தெரியவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

யாருக்கும் தெரியாது. உண்மைதான். ஜப்பான்காரன் தன் கையைத்தான் நோவான். எதற்கு எழுத வேண்டும்? என்ன ஆகிவிடும் எழுதாவிட்டால்? அகல்யா கல்லூரிக்குப் போகிறாள், அம்மா படம் பேப்பரில் வந்ததை ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறாள். அவளிடம் என்ன சொல்ல—

காய்கறி வாங்கப் போனேன். கடைக்காரன் தக்காளியில் அழுகியதைக் கீழே வைத்து மேலே நல்லதை அடுக்கினான். "பையா, இது என்ன வேலை?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

15 ஜூலை

நேற்றும் இன்றும் எழுதினேன். பதினொரு பக்கம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்குக் கடிதம். ஆங்கிலத்தில், நல்ல ஆங்கிலத்தில். ஒளிவேதியியலின் சிக்கல், கருவியின் எல்லை, முந்தைய ஆய்வுகள், எல்லாம்.

சிவகுமாரிடம் சொன்னேன். முழுவதையும். குச்சி, துரு, ஐந்து ஓட்டம். தோசைக்கல் அடுப்பில் கிடந்து புகைந்தது. எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "கடிதத்தைக் குடு" என்றார். கண்ணாடி போட்டு, பென்சில் எடுத்து, மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் படித்தார். நான் கரிந்த தோசைக்கல்லைத் தேய்த்தேன்.

"இதுல தப்பு எங்க இருக்கு, கோதை?"

"ஏழாம் பக்கத்துல."

"ஆமா. தேடித்தான் கண்டுபிடிச்சேன். படிக்கிறவன் தேடக் கூடாது."

"பின்னணி சொல்லாம எப்படிங்க—"

"பின்னணி சொன்னா அவன் உன்னையப் பாவம்னு நினைப்பான். அதுக்கா எழுதுற?"

பக்கத்தைப் புரட்டினார்.

"இங்க பாரு. 'நான்கு ஓட்டங்களின் முடிவுகள் விடுபட்டுவிட்டன'ன்னு எழுதிருக்க. தானாவா விட்டுப்போச்சு?"

"இல்ல."

"யாரு விட்டா?"

"நான்."

"அப்ப 'நான் விட்டுவிட்டேன்'னு எழுது."

அந்தச் சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார். மெல்லத்தான் போட்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவன் எழுத்தைத் திருத்தும் மனுஷன். அதில் பொய் எங்கே உட்கார்ந்திருக்கும் என்று வாசனையிலேயே தெரிந்திருக்கிறது. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பதினொரு பக்கம் ஆறு வரியானது:

'இக்கட்டுரையில் கூறிய காந்த மாற்றம் எங்கள் மூலக்கூறுடையது அல்ல. ஒளியால் மூலக்கூறு சிதைந்து உருவான இரும்பு ஆக்சைடுடையது. ஐந்து அளவீடுகளில் நான்கு எங்கள் முடிவுக்கு எதிராக இருந்தன. அவற்றை நான் விட்டுவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். இதை நம்பி உழைத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

கடைசி வரி அவர் சேர்த்தது. "அப்படி யாரும் இருக்காங்களான்னு தெரியாது. இருந்தா அவங்களுக்கு இது வேணும்" என்றார்.

16 ஜூலை

அனுப்பிவிட்டேன். குழு வருவதற்கு ஒரு நாள் முன்பு. ஜெயகிருஷ்ணனுக்கும் ஒரு நகல்.

18 ஆகஸ்ட்

அச்சில் வந்துவிட்டது. ஜெயகிருஷ்ணன் தன் பெயரால் தனி அறிக்கை விட்டிருக்கிறார்: அவருக்கு எதுவும் தெரியாதாம், ஆழ்ந்த அதிர்ச்சியாம். அவர் எழுதியதிலேயே இதுதான் நல்ல தமாஷ். தேசிய மையம் போயிற்று. குழுத் தலைமையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். என் அறை இப்போது அடித்தளத்தில், காலி ஹீலியம் உருளைகளுக்குப் பக்கத்தில். நேற்று வரை என்னைப் பார்த்தால் எழுந்து நின்றவர்கள் இன்று லிஃப்டில் கைபேசியைப் பார்க்கிறார்கள். இவர்களுடைய மரியாதையையா இத்தனை நாள் வாங்கி வைத்திருந்தேன்? பழைய பேப்பர்காரனும் எடுக்கமாட்டான்.

அகல்யா ஃபிரேமை எடுத்துவிடவில்லை. "படம் நல்லா இருக்கு அம்மா, ரெஹ்னே தோ, இருக்கட்டும்" என்றாள்.

2 அக்டோபர் 2025

விடுமுறை. பழைய மின்னஞ்சல்களை அழித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தென்காசிக் கடிதம். மூன்று பக்கத்தையும் இன்றுதான் படித்தேன். மார்ச்சில் முதல் பத்தியோடு நிறுத்தியிருக்கிறேன்.

இரண்டாம் பக்கத்தில்: 'ஒளி பாயும் நேரத்துக்கு நேர் விகிதத்தில் எடை கூடுகிறது. நீல ஒளியில் ஒருமுறைகூடக் குறையவில்லை. மூலக்கூறு சிதைகிறதோ என்று அஞ்சுகிறேன். ஆனால் தங்கள் கட்டுரை அவ்வாறு கூறாததால் பிழை என்னுடையதாகவே இருக்கும்.'

மார்ச் மாதமே. தாத்தா காலத்துத் தராசில்.

என் பதிலையும் படித்தேன். நல்ல வாக்கியம் என்று எழுதி வைத்திருக்கிறேன் இதே நோட்டில்.

6 அக்டோபர்

மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. கல்லூரிக்குப் போன் செய்து, கூப்பிட்டுவரச் சொல்லிக் காத்திருந்தேன்.

"டில்லியிலேர்ந்தா? நீங்கதானா மேடம் பேசுதீங்க?"

என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன், நீங்கள் எழுதியதுதான் சரி என்றேன்.

பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"நான் அதை விட்டுட்டேனே மேடம். ஏப்ரல்ல பதிவை ரத்து பண்ணியாச்சு."

"ஏன்?"

"உங்க பதிலைக் கைடு ஐயாகிட்ட காட்டினேன். 'டில்லியிலேயே சொல்லிட்டாங்க, ஒனக்குக் கை வரலம்மா, பேசாம பாடத்தை நடத்து'ன்னுட்டாரு. அஞ்சு மாசம் செஞ்சேன் மேடம். பாத்திரத்தை நாலு தடவை கழுவுவேன். அதுக்கப்புறம் ஏழு தடவை கழுவினேன்."

ஏழு தடவை.

"நோட்டு இருக்கா?" என்றேன்.

"இருக்கு. அது எங்க போவுது?"

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"வகுப்புக்கு மணி அடிச்சுட்டு மேடம்" என்று வைத்துவிட்டாள்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

9 அக்டோபர்

அவளுடைய வழிகாட்டிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதினேன். சிவகுமார் திருத்தினார். நான்கு வரி. முதல் வரி: 'இவர் கண்டது சரி, நான் எழுதியது தவறு.' வழிகாட்டியின் பதில் உடனே வந்தது. தனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தப் பெண்ணின் திறமையில் நம்பிக்கை உண்டாம். இந்த மாதிரி ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார்.

14 நவம்பர்

பதிவு மறுபடி கிடைத்துவிட்டதாக ஒரு வரி எழுதியிருக்கிறாள். நன்றி என்று இல்லை. நல்லது.

ஊரெல்லாம் புகை. இரண்டு நாளாகச் சூரியனைப் பார்க்கவில்லை.

20 நவம்பர்

அரையாண்டு விடுமுறையில் வந்து எங்கள் ஸ்க்விட்டில் அளக்க முடியுமா என்று கேட்டேன். பொருள் எப்படி, எந்த நிமிடத்தில் உடைகிறது என்பதுதான் கேள்வி. அது தெரிந்தால் உடையாத ஒன்றைக் கட்டலாம். ஜெயகிருஷ்ணன் கையெழுத்துப் போட நாற்பது நாள் ஆகும் என்றார். இராஜமாணிக்கம் தன் பராமரிப்பு நேரத்திலிருந்து ஐந்து நாளை எடுத்துக் கொடுத்தார். "மெஷினுக்கும் ஓட்டம் வேணுமில்லீங்களா" என்றார்.

26 டிசம்பர் 2025

மூடுபனி. நிஜாமுதீன் ஸ்டேஷனில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னால் அவளுக்கு வீணான ஐந்து மாதத்துக்கு என் பங்கு ஏழு மணி நேரம்.

முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. யாரிடமோ இரவல் வாங்கிய பெரிய ஸ்வெட்டர். பெட்டியை என்னிடம் கொடுத்தாள், நோட்டுப் பையைக் கொடுக்கவில்லை. ஆட்டோவில் இந்தியா கேட் பக்கம் வந்தபோது எதையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? நீங்க ஏன் அப்படி எழுதினீங்க? என்னையத் தெரியவே தெரியாதே ஒங்களுக்கு."

வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"தெரியாததாலதான்" என்றேன். "தெரிஞ்சுக்க வேண்டியதில்லைன்னு நினைச்சேன்."

யோசித்தாள். "சரி" என்றாள். சிவகுமார் வெந்நீர் போட்டு வைத்திருந்தார்.

30 டிசம்பர், செவ்வாய்

ஐந்தாம் நாள். பிடிவாதக்காரி. மாதிரியை என்னை வைக்க விடவில்லை. இழையைத் தொட விடவில்லை. அவளே வைத்தாள், ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டு. இராஜமாணிக்கம் பக்கத்தில் நின்று ஒரு முறை மட்டும் செருமினார். அவள் திரும்பி, "எதுக்கு அண்ணே செருமுதீங்க? சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். கேட்டு, இழையை ஒரு மயிரிழை இடம் மாற்றினாள்.

பதினெட்டாவது நிமிடத்தில் உடையத் தொடங்குகிறது. அதற்கு முன் இல்லை. மூன்று முறையும் பதினெட்டு. பருத்த கைகளில் ஒன்று அப்போது கழல்கிறது என்கிறாள். நான் கோபால்ட் பக்கம் என்று நினைத்தேன். அவள் இரும்புப் பக்கம் என்கிறாள். வாதாடினோம். சாப்பாட்டு நேரம் போய்விட்டது. அவள்தான் சரியாக இருப்பாள் போலிருக்கிறது, எரிச்சலாக இருக்கிறது.

மாலையில் அவள் திரையைப் பார்த்து எண்களைச் சொல்லிக்கொண்டே போனாள். நான் எழுதினேன். ஓரிடத்தில் ஆறை ஒன்பதாக எழுதிவிட்டேன்.

"மேடம், அது ஆறு."

அடித்துவிட்டுத் திருத்தினேன். பக்கத்தில் சிறிதாகக் கையெழுத்தும் போட்டேன், திருத்தியது யார் என்று தெரிய வேண்டுமே. அவள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த எண்ணைச் சொன்னாள்.